ஆற்றோரம் என்று சொன்னார்

நாய் மட்டும் திரும்பி வந்தது.

பொலெந்தாவுக்குச் சோளமாவு கிண்டிக்கொண்டிருந்த நான், கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். பிர்பா நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் பனிமூட்டம்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் ஒத்தாவியோவைக் காணோம்.

மணி பத்து. மண்ணுக்கடியில் விளையும் ட்ரஃபிள் காளானை நாயை மோப்பம் பிடிக்கவிட்டுத் தோண்ட விடியுமுன் போகிற மனுஷன், எட்டு மணிக்கெல்லாம் வீடு வந்து சேர்ந்துவிடுவார்.

பக்கத்து வீட்டு செகோந்தோ நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாருமே அதே காளானுக்கு அலைகிறவர்கள்.

"எர்சீலியா, எங்க போறதா சொன்னான்?"

"ஆத்தோரம். பாப்ளர் மரத்துப் பக்கம்னு."

"அப்போ ஆத்தோரம் கிடையாது. வாங்கடா, மேட்டுக்குப் போவோம்."

யாரும் தயங்கவில்லை. நானும்தான்.

ட்ரஃபிள் பொன் விலை போகும். எங்கள் பள்ளத்தாக்கில் அது கிடைக்கும் இடத்தை எவனும் வாய் திறந்து சொல்லமாட்டான். பாதிரியாரிடம் எல்லாப் பாவத்தையும் கொட்டுகிறவன்கூட அந்த மரத்தை மட்டும் மறைத்துவிடுவான். எனக்கு ஓட்டை வாய் என்பது ஒத்தாவியோவின் எண்ணம். அது தப்பும் இல்லை. நாற்பத்தொரு வருஷமாக, கிழக்கே போகிறேன் என்றால் மேற்கே போவார்.

பிர்பா என் பாவாடையைக் கவ்வி ஆற்றுப் பக்கம் இழுத்தது.

யாராவது பின்தொடர்ந்தால் வேறு பாதையில் ஓடிப் போக்குக் காட்ட அதையும் பழக்கி வைத்திருந்தார். "நீயும் புளுகுணிதானேடி" என்று திட்டி, முற்றத்துச் சங்கிலியில் கட்டிப்போட்டேன். ஊளையிட்டுக்கொண்டே இருந்தது.

மேட்டில், ஓக் மரங்களுக்கு நடுவே, இருட்டும்வரை அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

மறுநாள் காலை பிர்பாவை அவிழ்த்துவிட்டோம். நேராக ஆற்றுக்கு ஓடியது.

மூன்றாவது பாப்ளர் மரத்தடியில் கிடந்தார். ஒரு கை நெஞ்சில் இருந்தது. தோண்டும் கம்பியில் மண்ணே ஒட்டவில்லை. முந்தின நாள் சாயங்காலம்வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். வீட்டிலிருந்து கால் மணி நேர நடை.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று செகோந்தோ சின்னப் பிள்ளைபோல அழுதார். "ஒரு நாள்கூட நெசம் சொல்லாதவன், அன்னைக்குன்னு பார்த்துச் சொல்லுவான்னு யாரு கண்டா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பொய்யை அவர் ஒரு தடவைதான் சொல்வார். தொப்பியை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று கதவுவரை போனவர் திரும்பி வந்தார். என் தோளில் கை வைத்து, ஆற்றோரம்தான் போகிறேன் என்று இரண்டாவது தடவையும் சொன்னார்.

நான் காப்பிப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "சரி சரி, நம்பிட்டேன்" என்று சிரித்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.