டப்பாவுக்குள் காவல்

வெள்ளக் காலத்துக்கு ஆகுமென்று பொன்மலர் மிளகாய்த்தூளை டப்பாவில் அடைத்து, பூச்சி வராமலிருக்க ஒரு பெருங்காயக் கட்டியையும் உள்ளே போட்டு, பரணில் ஏற்றினாள்.

"தள்ளிப் படுடா, நாத்தம் குடலைப் புடுங்குது" என்றது தூள்.

"படுக்கிறேண்ணே. டப்பா திறக்கிற அன்னைக்கு நானும் ரசத்துல விழணும். நானும் சாப்பாட்டுச் சரக்குதானே?"

"காவல்காரனுக்குப் பந்தியில என்னடா இலை?"

அப்போதே பேரம் பேசியிருக்கலாம். மடக் கட்டி, வந்த வண்டையெல்லாம் தன் வாசனையால் விரட்டி விரட்டியே வற்றிப்போனது.

வெள்ளம் வந்தது. மொட்டைமாடியில் அடுப்பு மூட்டிய பொன்மலர் டப்பாவைத் திறந்து, தூளை அள்ளி ரசத்தில் போட்டாள். கட்டியை எடுத்து மோந்து பார்த்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்லையே" என்று வெள்ளத்தில் வீசினாள்.

கொதிக்கிற ரசத்தில் தூள் புளியிடம் பீற்றிக்கொண்டது: "இத்தனை நாள்ல ஒரு பூச்சி என்னை அண்டல, பார்த்தியா? என் காரம் அப்படி!"