கத்தி வைக்காத பலகை

“கர்ட்! என்னடா பண்ணி வெச்சிருக்கே?”

குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த மெரின், சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மத்தியானம் முழுக்க விருந்தாளிகளுக்காக அவள் பார்த்துப் பார்த்து அடுக்கிய தின்பண்டப் பலகை அது. சிவந்த திராட்சை இலைகளை விரித்து, நடுவில் ஒரு முழு மெட்வர்ஸ்ட் தொத்திறைச்சி. பக்கத்தில் வட்டமாக மெத்தென்ற சீஸ், அத்திப்பழம், பேரிக்காய், தோட்டத்து ரொட்டியடுப்பில் சுட்ட முழு ரொட்டி. குட்டிக் கத்திகளைக்கூட அழகாகச் சாய்த்து வைத்திருந்தாள்.

இப்போது எதுவும் முழுசாக இல்லை. எல்லாம் துண்டு துண்டு. ரொட்டியைச் சதுரம் சதுரமாக நறுக்கி, சீஸையும் தடவி வைத்தாயிற்று. கத்தி ஒன்றுகூட இல்லை. உண்மையைச் சொன்னால், பார்க்கச் சகிக்கவில்லை.

“வெட்டி வெச்சேன். கையால எடுத்து வாயில போட்டுக்கலாம்ல?” என்றான் அவள் கணவன் கர்ட்.

“யாரு வர்றாங்க? பல்லு முளைக்காத பசங்களா?”

“நல்லாத்தானே இருக்கு.”

“நல்லாவா? கோழிக்குத் தீனி போட்ட மாதிரி இருக்கு!”

அவள் கத்தியதில் நியாயம் இருந்தது. வரப்போவது நோரீன். ஊரிலேயே பெரிய ஒயின் தோட்டம் அவருடையது. பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்த ஊரில் திராட்சை அறுவடை முடிந்து ஏப்ரல் குளிர் எட்டிப் பார்த்ததும் ஞாயிறுதோறும் அங்கே ஒயின் ருசிக்கக் கூட்டம் வரும். அவர்களுக்கு இப்படிப் பலகை அடுக்கித் தர ஆள் தேடுகிறார். இன்றைக்குப் பிடித்துவிட்டால், மெரின் கோழி பாக்கிங் ஆலை வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

“கத்தியைக் குடு. ஃப்ரிட்ஜ்ல இன்னொரு மெட்வர்ஸ்ட் இருக்கு. அதையாவது முழுசா வைக்கிறேன்.”

“வேண்டாம் மெரின். இன்னிக்கு ஒரு நாள் என் பேச்சைக் கேளு.”

“ஏன்?”

“சும்மாதான்.”

“இந்த வேலை கிடைக்காமப் போச்சுன்னா நோரீன்கிட்ட நேராவே சொல்லிடுவேன், இது என் புருஷன் பண்ண கூத்துன்னு.”

“தாராளமாச் சொல்லு.”

வாசலில் கார் வந்து நின்றது.

நோரீனோடு அவர் கணவர் க்ளைவும் இறங்கினார். போன குளிர்காலத்தில் உடம்புக்கு முடியாமல் கிடந்தவர். இப்போது தேவலை என்று ஊரில் பேச்சு. கோட்டுப் பைக்குள் ஒரு கையை விட்டபடியே உள்ளே வந்தார்.

“நான் சாப்பிட்டுத்தான் வந்தேன். சும்மா உங்களோட உக்காந்திருக்கேன்” என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

மெரின் கர்ட்டை முறைத்தாள். பலகையைப் பார்க்கும் முன்னாலேயே இப்படியா?

பின்பக்க வராந்தாவில் கொண்டுவந்து வைத்தாள். நோரீன் பலகையைப் பார்த்தார். மேஜை மேல் இங்கும் அங்கும் எதையோ தேடினார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள் மெரின்.

கர்ட் பாட்டுக்கு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “க்ளைவ், போன வாரம் நம்ம டீம் ஆடின லட்சணத்தைப் பாத்தீங்களா?” என்றான்.

“அது ஆட்டமாடா? எங்க வீட்டு ஆடுங்களை இறக்கிவிட்டிருந்தாக்கூட ரெண்டு கோல் போட்டிருக்கும்!”

சொல்லிக்கொண்டே க்ளைவ் இடது கையை நீட்டி ஒரு துண்டு தொத்திறைச்சி எடுத்தார். அடுத்து ரொட்டி. அடுத்து அத்திப்பழம். அப்புறம் கணக்கே இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்த மனுஷனா இவர்?

நோரீன் சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போனார். மெரின் பின்னாலேயே ஓடினாள்.

குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார் நோரீன். “மெரின், அதை அப்படித் துண்டு துண்டா வெட்டினது யாரு?”

ஜன்னல் வழியே கர்ட் தெரிந்தான். க்ளைவ் சொன்ன எதற்கோ, வாய் நிறைய ரொட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தான். நாக்கு நுனி வரை வந்த பேரை மெரின் விழுங்கிவிட்டாள்.

“நான்தான்.”

நோரீன் திரும்பினார். கண்ணெல்லாம் ஈரம். மெரினை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

“அவருக்கு உடம்பு முடியாமப் போனதுல வலது கை விளங்கல. போன குளிர்காலம் முடிஞ்சதும் கிளப்ல ஒரு விருந்து. எல்லார் முன்னாடியும் நான் அவருக்குக் கறியை வெட்டிக் கொடுத்தேன். எழுந்து போயிட்டாரு. கர்ட்தான் வீட்ல கொண்டுவந்து விட்டான். அன்னிலேருந்து யார் வீட்லயும் ஒரு வாய் சாப்பிடல. கேட்டா, ‘சாப்பிட்டுத்தான் வந்தேன்’. கர்ட் உன்கிட்ட சொல்லியிருப்பானே?”

சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“இன்னிக்கு அவரும் கையால, நாமளும் கையால.” நோரீன் மூக்கை உறிஞ்சினார். “இந்த ஞாயித்துக்கிழமையே வேலைக்கு வந்துடு. இவ்வளவு யோசிக்கிற பொண்ணை நான் எங்க போய்த் தேடறது?”

தலையாட்டினால் போதும். மெரின் ஆட்டவில்லை.

“நோரீன், திட்டத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சு நான்னு சொல்லிட்டேன். திட்டுன்னா நான் வாங்கிப்பேன். பாராட்டு கர்ட்டுக்குத்தான் சேரணும். நீங்க வர்ற வரைக்கும் அவனைத் திட்டிக்கிட்டுத்தான் இருந்தேன், பலகையைக் கெடுத்துட்டான்னு.”

நோரீன் ஈரக் கண்ணோடு சிரித்தார்.

“சரி. அடுக்கறதுக்கு நீ வா. கெடுக்கறதுக்கு அவனையும் கூட்டிக்கிட்டு வா.”