லிட்டருக்கு எட்டு

மெத்தைக் கம்பெனி முதலாளியின் கணக்கில் உலகத்தில் எல்லோரும் திருடர்கள். அவரை ஏமாற்ற இன்னும் நேரம் கிடைக்காதவர்கள் மட்டும் நல்லவர்கள். இன்று ஒருவன் கையும் களவுமாகச் சிக்கிவிட்டதால், காவல் நிலைய நாற்காலியில் புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மூலையில் கைகட்டி நின்றான் டிரைவர். அவருடைய கிழட்டு லாரியைப் பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறவன்.

"பெட்ரோல் வண்டி சார். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தது, அஞ்சுக்கு வந்துடுச்சு. ஷெட்டுக்குள்ள போனா பெட்ரோல் நாத்தம் மூக்கைத் துளைக்குது. கேட்டா, டேங்க்லேருந்து வர்ற ஹோஸ் வெடிச்சிருக்காம், மாத்தணுமாம்! மெக்கானிக்கும் அதையே ஒப்பிக்கிறான். ரெண்டு பேரும் கூட்டு சார். எனக்கே காது குத்தறானுங்க!"

"ஹோஸைப் பார்த்தீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் எதுக்கு வண்டிக்கு அடியில போய்ப் படுக்கணும்? இவன் சட்டையை மோந்து பாருங்க, போதும்."

"ஐயா, நான் என்ன சொல்றேன்னா..." என்று இழுத்தான் டிரைவர்.

"நீ வாயைத் திறக்காதே!"

போன மாதம் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டாராம், மறுபடியும் எட்டு வரவில்லை என்றால் வேலை கிடையாது என்று. மூன்று பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவேன் என்று அழுதானாம் டிரைவர். அழுகையாவது ஒன்றாவது, எல்லாம் நடிப்பு!

"அடுத்த வாரமே எட்டு சார்! ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடலை. மிரட்டினா வண்டி தானா சரியாயிடுமா? எடுக்கறதைக் குறைச்சான், மைலேஜ் ஏறிச்சு. ஆனா நாத்தம் மட்டும் போகலை. பழகின கை சும்மா இருக்குமா? அதான் ஷெட்டுல கேமரா வச்சேன்."

இன்ஸ்பெக்டர் புகார்த் தாளை நகர்த்தினார். "கையெழுத்துப் போட்டா இன்னிக்கே உள்ள வச்சிடுவோம். யோசிச்சுக்கோங்க."

"யோசிக்க என்ன இருக்கு? கம்பி எண்ணட்டும்." பேனா தாள் கிழிகிற அழுத்தத்தில் ஓடியது.

பிறகு பெருமையோடு செல்போனை நீட்டினார். நேற்று மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஆளில்லாத ஷெட். கேனும் ரப்பர் குழாயுமாக வருகிறான் டிரைவர். திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். டேங்க் மூடியைத் திறக்கிறான்.

முதலாளி அங்கேயே நிறுத்தினார். காலையில் அவர் பார்த்ததும் அதுவரைதான். அதற்குள் ரத்தம் கொதித்து, டிரைவரை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்.

"மிச்சத்தையும் ஓட விடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதான் தெரிஞ்சுபோச்சே சார்!"

இன்ஸ்பெக்டரே விரலால் தட்டினார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான்.

படத்தில், தன் காசில் வாங்கி வந்திருந்த பெட்ரோல் கேனைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து, குழாய் வழியாகக் கடைசிச் சொட்டு வரை முதலாளியின் டேங்குக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான் டிரைவர்.