பிறந்தநாள் படங்கள்

“லேப்டாப்பைத் திற. பாஸ்வேர்டைச் சொல்லு!”

சோதனைச்சாவடிப் போலீஸ்காரன் கேட்டதுதான் தாமதம், வக்கீல் ஒடிலியா கடகடவென்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய ஜூனியர் எவேலியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டவுடன் கொடுத்துவிட்டாளே, இவளெல்லாம் ஒரு வக்கீலா?

சுரங்கக் கம்பெனி ஆற்றில் விஷத்தைக் கொட்டியதைக் கண்ணால் பார்த்த கிராமத்துக்காரர்களின் வாக்குமூலம் மொத்தமும் அதற்குள்தான் இருந்தது. பேர் வெளியே தெரிந்தால் கம்பெனி ஆட்கள் அவர்கள் வீட்டுக்கு அன்றைக்கே தீ வைத்துவிடுவார்கள். குவாத்தமாலா நகரக் கோர்ட்டுக்கு அதைக் கொண்டு போகத்தான் இருவரும் பஸ் ஏறியிருந்தார்கள்.

கிளம்பும்போதே எவேலியோ கேட்டான், “ஓசியில கிடைச்ச பூட்டு சாஃப்ட்வேரை நம்பியா போறோம், மேடம்?”

“பூட்டு ஓசிதான்டா. சாவி என்கிட்ட இருக்கே!” என்று சிரித்தாள். அந்தச் சாவியைத்தான் இப்போது தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

“யாரு இந்தப் பொண்ணு?” போலீஸ்காரன் திரையைக் காட்டிக் கேட்டான்.

“என் அக்கா மக. பதினஞ்சாவது பிறந்தநாள். கேக் நான் செஞ்சது.”

எவேலியோ எட்டிப் பார்த்தான். ரோஸ் கவுன், கேக், மாமாக்கள் போட்ட ஆட்டம். வாக்குமூலம் ஒன்றைக்கூடக் காணோம்! அழித்துவிட்டாளா? கம்பெனிக்காரனிடம் விலை போய்விட்டாளா? அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“என்னய்யா இருக்கு அதுல?” ஜீப்பிலிருந்து சார்ஜென்ட் கத்தினார்.

“பிறந்தநாள் படம் சார். ஒண்ணுமில்ல.”

போலீஸ்காரன் பையிலிருந்து மேஜையில் கொட்டியதையெல்லாம் அள்ளிக்கொண்டு பஸ் ஏறியதும் எவேலியோ வெடித்தான்.

“வாக்குமூலம் எங்க? வித்துட்டீங்களா?”

“கத்தாதடா, உள்ளேதான் இருக்கு. இந்தப் பூட்டுக்கு ரெண்டு பாஸ்வேர்டு. ஒண்ணு போட்டா பிறந்தநாள், இன்னொண்ணு போட்டா சாட்சிங்க. ரெண்டாவது ஒண்ணு இருக்கிறதே வெளியே தெரியாது. அந்த மண்டுவுக்கு எங்க புரியப் போகுது!”

சே, என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று எவேலியோவுக்கு முகம் சுண்டிப்போனது.

யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். அதே போலீஸ்காரன். கையில் அவர்களுடைய சார்ஜர்.

“மேஜையிலேயே விட்டுட்டுப் போறீங்களே.” நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். “அடுத்த சாவடியில கேட்டவுடனே சொல்லிடாதீங்கம்மா. வீட்டுப் பொண்ணு படம், காட்ட மாட்டேன்னு கொஞ்சம் மல்லுக்கட்டுங்க, அழுங்க, அப்புறமா சொல்லுங்க. இவ்வளவு பெரிய பூட்டைப் போட்டுட்டு யாராவது கேட்டவுடனே திறப்பாங்களா? அங்க இருக்கிறவன் கம்பெனி ஆளு.”

ஒடிலியா சார்ஜரை வாங்கிப் பையில் போட்டாள். எவேலியோவுக்கு மறுபடியும் ஒன்றும் விளங்கவில்லை.

“தெரிஞ்சும் ஏன் சார் விட்டீங்க?”

போலீஸ்காரன் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தான். பஸ்ஸைத் தட்டி டிரைவருக்குச் சைகை காட்டினான்.

“பத்திரமா கொண்டு போங்க. உங்ககிட்ட சாட்சி சொன்னவங்கள்ல எங்க அம்மாவும் ஒருத்தி.”