தவறிய இரண்டு ஞாயிறுகள்

ஒன்பதாவது முறையும் மணி அடித்து ஓய்ந்தது. டோர்டிஸ் கைபேசியை மேசைமேல் வைத்தாள். வைத்த கையோடு மறுபடி எடுத்தாள்.

மகள் ஈடுனுக்குப் பத்தொன்பது வயது. அவளுடைய அப்பா வேறு குடும்பமாகி வருடக்கணக்காகிவிட்டதால், அம்மாவுக்கு மகள், மகளுக்கு அம்மா என்றுதான் இருந்தார்கள். அயல்நாட்டில் தொண்டு வேலை என்ற பேச்சு வந்தபோது இருவருமே கொஞ்சம் தயங்கினார்கள். ஒரு வருடம்தானே என்று பிறகு இருவருமே சமாதானமாகிவிட்டார்கள்.

ஓஸ்லோ விமான நிலையத்தில் கட்டிப்பிடித்துப் பிரிந்தபோது ஒரு வாக்கு. தலை போகிற வேலையாக இருந்தாலும் ஞாயிறு மதியம் பேசிவிட வேண்டும். ஏழாவது மாதம் வரைக்கும், கிறிஸ்துமஸ் உட்பட, அது தவறவில்லை.

அதன் பிறகு இரண்டு ஞாயிறுகளாகக் குரலே இல்லை. ‘நல்லா இருக்கேன், அப்புறம் பேசறேன்’ என்று ஒற்றை வரி மட்டும் வந்தது. இத்தனை தூரம் பிரிந்திருக்கச் சம்மதித்ததே தப்போ என்று டோர்டிஸ் நினைத்தாள்.

ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்தும் அறையில் காற்றில்லை. கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு பத்தாவது முறை அழைத்தாள். இந்த முறை ஈடுன் எடுத்தாள்.

“ஏன்டி எடுக்கல? இங்க எனக்கு உயிரே இல்ல.”

ஈடுன் முதலில் வேலை என்றாள், பிறகு ஜலதோஷம் என்றாள். டோர்டிஸ் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தவள். மகள் பாதி வாக்கியத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வதைக் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“வயித்துல கைய வெச்சு அழுத்திக்கிட்டுத்தான பேசற? உண்மையச் சொல்லு.”

ஈடுன் பிடித்திருந்த மூச்சை விட்டாள்.

“குடல்வால எடுத்துட்டாங்கம்மா. பன்னெண்டு நாள் ஆச்சு.”

மற்றதை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. விடிந்ததும் வலி வந்ததாம். தானே டாக்சி பிடித்துப் போய், தானே கையெழுத்துப் போட்டாளாம். அதற்குள் குடல்வால் உள்ளேயே வெடித்திருந்ததால் ஆறு நாள் படுக்கை. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அவளுடைய அம்மா தினமும் வந்து தலை வாரிவிடுவாளாம். மூன்றாம் நாள் அந்த அம்மா, கேட்காமலேயே, சீப்போடு இவள் கட்டிலுக்கும் வந்தாளாம்.

யார் பெற்ற பிள்ளைக்கோ டோர்டிஸ் நேற்றுத்தான் வயிற்றுத் தையல் பிரித்தாள். வலி தெரியாமலிருக்க அரைமணி நேரம் அவனுக்குக் கதை சொன்னாள். தன் மகள் வயிற்றில் தையல் போட்டது அவளுக்குத் தெரியவில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா போட்டது போட்டபடி கெளம்பிடுவ. அதான்.”

இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். யாருமில்லை என்று பதில் வந்தது. சாப்பாடு? ரொட்டியும் பழுப்புச் சீஸும்தான். நின்றுகொண்டு சமைத்தால் இழுத்துப் பிடிக்கிறதாம்.

டோர்டிஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். குரலை நிதானமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

“போதும்டி. இந்தத் தொண்டு வேலை இன்னையோட போதும். மிச்ச மாசத்துக்கு வேற ஆளப் பாத்துக்கட்டும், நிறுவனத்துல நானே பேசிக்கறேன். இனிமே ரெண்டு பேரும் வீட்ல ஒண்ணா இருக்கலாம்.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று டோர்டிஸ் கைபேசியைப் பார்த்தாள். அப்புறம்தான் ஈடுன் அழுவது கேட்டது. ஏழு மாதத்தில் ஒருமுறைகூட அவள் அழுதது கிடையாது.

“நான் நம்ம வீட்லதாம்மா இருக்கேன். தொண்டு வேலைக்குப் போனது நீ, நீதான் வரணும்.”