பெஞ்சில் ஒரே ஒரு பெயர்

"செல்வியக்கா, போர்டைப் பாத்தியளா? நாளைக்கு ஒங்க பேரு பெஞ்சுல இருக்கு."

ரிசப்ஷன் கிறிஸ்டி சொன்னதும் இசக்கிச்செல்வியின் கையிலிருந்த வாளி நழுவியது. துடைத்த தரையெல்லாம் தண்ணீர்.

குற்றாலத்தில் ஐந்தருவி போகிற வழியில் அந்த லாட்ஜ். மூன்று மாடி, லிப்ட் கிடையாது. சீசன் வந்துவிட்டால் ஒரு அறைகூடக் காலியாக இருக்காது. பதினோரு வருஷமாக அங்கே அறை சுத்தம் செய்கிறாள் செல்வி.

புது ஜெனரல் மேனேஜர் சுந்தரபாண்டியன் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்கு முன் இருபத்தைந்து வருஷம் பாஸ்கெட்பால் கோச். முதலாளி நயினாருக்கே காலேஜில் பந்து சொல்லிக்கொடுத்தவர். வந்த அன்றே ரிசப்ஷன் பக்கத்தில் வெள்ளைப் போர்டு மாட்டினார். யாருக்கு எந்த மாடி என்று தினமும் அதில் எழுதுவார். இன்று அடியில் ஒரு கோடு கிழித்து, 'நாளை பெஞ்ச்' என்று போட்டு ஒரே ஒரு பெயர்.

பெஞ்ச் என்றால் என்னவென்று செல்விக்கு நன்றாகவே தெரியும். மகள் ஸ்வாதியைச் சென்னை ஐ.டி. கம்பெனியில் போன ஐப்பசியில், கொடுக்க வேலையில்லை என்று பெஞ்சுக்குத்தான் அனுப்பினார்கள். இரண்டே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது இரண்டு பேருக்கும் செல்வியின் வேலைதான் சோறு.

"நான் அப்பமே சொன்னேம்லா?" என்றார் சூப்பர்வைசர் மாரிராஜ். அந்த ஜி.எம். நாற்காலி தனக்கு வரும் என்று எட்டு வருஷமாகக் காத்திருந்தவர். "கூடையில பந்து போடச் சொல்லிக்குடுத்த ஆளுக்கு லாட்ஜுல என்ன சோலி? நேத்து நீ முட்டியப் பிடிச்சிக்கிட்டுப் படியேறுனத நின்னு பாத்து நோட்டுல எழுதுனாரு. ஒன்ன வெளிய தள்ளப் பாக்காரு."

"நான் என்ன செய்யட்டும் அண்ணாச்சி?"

"இந்தா, முதலாளிக்கு மனு. இந்த ஆளு ஜி.எம். வேலைக்கு லாயக்கில்லன்னு எழுதியிருக்கேன். பதினாறு பேரு கையெழுத்துப் போட்டாச்சு. நீயும் போடு."

கை நடுங்கியது. போட்டுவிட்டாள்.

மத்தியானம் முதலாளி வந்துவிட்டுப் போனார். மூன்று மணிக்கு, "அக்கா, ஒங்கள ஜி.எம். கூப்பிடுதாரு" என்றாள் கிறிஸ்டி.

செல்வி முட்டிவலியைக் காட்டிக்கொள்ளாமல் விறுவிறுவென்று நடந்து போனாள்.

"சார், எங்காலுக்கு ஒண்ணுமில்ல சார். மூணாவது மாடியையும் நானே பாத்துக்கிடுதேன்."

அவர் அவளை மாடிப்படிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனார். அங்கே நீளமாக ஒரு மரப்பெஞ்ச். அதன்மேல் ஒரு பிளாஸ்க்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு இங்கன வந்து உக்காருங்க. சுக்குக் காப்பி இருக்கும்."

"எதுக்கு சார்?"

"பெஞ்சு உக்காரத்தானம்மா? ஆட்டத்துல களைச்சவங்கள வெளிய எடுத்து உக்கார வச்சு, திரும்பவும் உள்ள விடுவோம். நாளைக்கு நீங்க ஆரம்பிச்சு வைக்கீங்க. அப்புறம் எல்லாருக்கும் முறை வரும். மாரிராஜுக்கும் உண்டு."

"அப்ப வேலை...?"

"பெஞ்சுல இருந்தாலும் டீம்லதாம்மா இருக்கீங்க."

அவர் குரல் இறங்கியது.

"எங்கிட்ட ஆடின பிள்ள ஒருத்தி முட்டி வலிய மறைச்சா. சொன்னா டீம விட்டு எடுத்துருவேன்னு பயம். நானும் கவனிக்கல. அதோட அவ ஆட்டமே முடிஞ்சுபோச்சு."

செல்விக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"சார், காலையில ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். ஒங்களுக்கு எதிரா ஒரு மனுவுல..."

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். மாரிராஜின் மனு.

"முதலாளி மத்தியானமே கையில குடுத்துட்டாரு. உங்க கையெழுத்து மட்டும் ரொம்ப நடுங்கியிருக்கேம்மா, கையும் வலிக்குதோ? பெஞ்சுல எல்லாருக்கும் முக்கா மணி நேரம்தான், உங்களுக்கு மட்டும் ஒரு மணியா மாத்தி எழுதியிருக்கேன்."