யார் பார்க்கலாம்

காகிதக் கோப்புகளையெல்லாம் கணினியில் ஏற்றும் வேலை அந்த அலுவலகத்தில் தொடங்கி இரண்டு மாதமாகியிருந்தது. பதிவறையில் ஸ்கேன் செய்யும் பூங்கோதை, பீரோவை நகர்த்தியபோது பின்னால் விழுந்துகிடந்த ஒரு கோப்பைக் கண்டாள். மேலாளர் தயாநிதி தன் கையைப் பிடித்து இழுத்ததாக நான்கு வருடங்களுக்கு முன் அவள் கொடுத்த புகார் அது. அப்படி ஒரு கோப்பே இல்லை என்று அவர் விசாரணையில் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு அவளோடு உட்கார்ந்து யாரும் சாப்பிட்டதில்லை.

யாரோ சொல்லி, தயாநிதியே இறங்கி வந்தார்.

“அதை இங்க குடு.”

பதினோரு தாள்களில் பத்து ஏற்கெனவே ஏறிவிட்டன. கடைசித் தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்துப் பொத்தானை அழுத்தினாள். வெளிச்சம் ஓடி முடிந்ததும் அவர் தாளை உருவி நான்காகக் கிழித்தார்.

“சிஸ்டத்துல இருக்கறதையும் அழி. இப்பவே.”

“முடியாது சார்.”

“உன்னால முடியலன்னா முடியறவனக் கூப்பிடு.”

“யாராலயும் முடியாது. ஏத்தினத ஒருத்தரும் அழிக்கக்கூடாதுன்னு திட்டம் போட்டப்ப, நீங்கதான சார் கையெழுத்து போட்டீங்க?”

கிழித்த துண்டுகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். “நாளைக்கு நீ இந்த சீட்ல இருக்க மாட்ட.”

“சரி சார்.”

இந்தக் கோப்பை யார் யார் பார்க்கலாம் என்று திரை கேட்டது. அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே பூங்கோதை மவுஸை ‘அனைவரும்’ என்ற சொல்லை நோக்கி நகர்த்தினாள்.